முற்றத்தில் நிற்கும் மூன்று கன்டெய்னர்கள்

ஜூலை 30, திங்கள்

இன்றும் மழை. முற்றத்தில் காயப்போட்ட முந்திரிக்கொட்டையை அள்ளுவதும் பரப்புவதுமாகவே பொழுது போய்விட்டது. மேகம் கறுத்தால் மாமா கிடங்கு வாசலில் நின்று கையைத் தட்டுவார். வேலைக்கு வரும் பெண்கள், அம்மா, நான், எல்லோரும் துடைப்பத்தோடு ஓட வேண்டும். வெயில் வந்தால் மறுபடியும் பரப்ப வேண்டும். சாயங்காலம் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

அப்பா ஜூன் கடைசியிலேயே வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புத்தாண்டு முடிந்த கையோடு பிசாவுக்குப் போவார். ஆப்பிரிக்காவில் அந்தக் கோடியில், கடலோரத்தில் இருக்கிறது பிசாவ். மாமாவுக்காக அங்கே கொட்டை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, இங்கே ரம்புத்தான் பழம் சந்தைக்கு வரும்போது திரும்பிவிடுவார். இந்த வருஷம் பழம் வந்து, மலிந்து, அழுகியும் போயிற்று.

அம்மாவிடம் கேட்டால், கப்பல் வரட்டும் என்கிறாள். கப்பலுக்கும் அப்பாவுக்கும் என்ன? அப்பா விமானத்தில் அல்லவா வருவார்?

அம்மா தூங்கிவிட்டாள். கொசுவலைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கள் அறை மாமாவின் கிடங்கோடு ஒட்டியது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பேனா சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பேனாவுக்கு ஏது சத்தம். ஆனாலும்.


ஆகஸ்ட் 2, வியாழன்

தோல் உரிக்கும்போது எனக்குப் பக்கத்தில் உட்காருவது தாவ் சித்தி. உறவில்லை, எல்லோருக்கும் சித்தி. கை ஓயாது, வாயும் ஓயாது. இன்று வழக்கம்போலத் தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளையும் பிசாவுக்கு அனுப்பிடலாமான்னு பாக்கறேன். ஆனா அதை எவன் அடகுக்கு எடுப்பான்? லுவாங் மாதிரி ஆளுன்னா மதிப்பு உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் என்னைக் கண்ணால் காட்டிக்கொண்டு நிறுத்தினார்கள். லுவாங் என் அப்பா.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது கேட்டேன், அப்பாவை அடகு வைத்திருக்கிறார்களா என்று. அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். அப்புறம் சொன்னாள். கொட்டை விலை விழுந்துவிட்டது. மாமா பாதிப் பணம்தான் கொடுத்திருக்கிறார். சரக்கு இங்கே வந்து, கொட்டையை வெட்டி உள்ளே பருப்பைப் பார்த்து, தரம் சரி என்றால்தான் மீதி. அதுவரை அங்கே சரக்கு விற்ற இன்ஜாய் என்பவர் அப்பாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்.

"பாஸ்போர்ட்டைத்தான் வச்சிருக்காரு. ஆளை இல்ல."

"பாஸ்போர்ட் இல்லாம அப்பா எப்படிம்மா வருவாரு?"

"அரிசியில கல்லு கெடக்கா பாரு" என்றாள்.


ஆகஸ்ட் 5, ஞாயிறு

விடியும் முன்னே அப்பா கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் இரவுச் சாப்பாடு முடிந்திருந்ததாம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

இன்ஜாய் கெட்டவர் இல்லை என்றார். தன் வீட்டிலேயே படுக்க இடம் கொடுத்து, தான் சாப்பிடுவதையே கொடுக்கிறாராம். ஆனால் தினமும் காலையில் கிராமத்து ஆட்கள் வந்து அவர் வாசலில் இருக்கும் மாமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களிடம்தான் அவர் கொட்டை வாங்கியது. அந்த ஊரில் கொட்டைக்குக் காசு கொடுப்பதைவிட அரிசி கொடுப்பதுதான் வழக்கம். பாதி அரிசியைக் கொட்டை அறுவடையின்போதே கொடுத்தாகிவிட்டது. மீதி அரிசிக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. அப்பா வெளியே வந்தால் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள்.

"அதுதாம்மா தாங்க முடியல" என்றார். "அந்த அரிசி மூட்டையில நம்ம நாட்டு எழுத்துதான் போட்டிருக்கு. அதைப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க."

கன்டெய்னர் வந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார்.


ஆகஸ்ட் 11, சனி

வந்துவிட்டது. மூன்று கன்டெய்னர். சைகோன் துறைமுகத்திலிருந்து முந்தாநாளே கிளம்பி நேற்றே வந்திருக்க வேண்டும். மழையில் மண் சரிந்து லாரிகள் பாதி வழியில் நின்றுவிட்டன. இன்று மத்தியானம்தான் வந்தன. நான் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தேன். சந்தோஷத்தில் கதவு என் காலிலேயே இடித்தது.

மாமா சந்தோஷப்படவில்லை. கன்டெய்னரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். சந்திரக் கணக்கில் இன்று ஏழாம் மாதம் பிறந்துவிட்டது.

யாரும் இல்லாத ஆவிகளை வெளியே திறந்துவிடும் மாதத்தில் புதுச் சரக்கை யாரும் பிரிக்க மாட்டார்கள்தான். ஆனால் மாமாவுக்கு அது வெறும் வழக்கம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவசரம் என்று ஏழாம் மாதத்தில் ஒரு கன்டெய்னரைப் பிரித்தார். மூன்றாம் நாள் கொட்டை அவிக்கும் கொதிகலன் வெடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அங்கேயே போய்விட்டார். அன்றிலிருந்து மாமா இந்த மாதம் முழுக்கச் சரியாகத் தூங்குவதில்லை என்று அத்தையே சொல்லியிருக்கிறாள்.

கன்டெய்னர்களை அப்படியே முற்றத்தின் ஓரத்தில் இறக்கி வைத்தார்கள். சீல் உடைக்கவில்லை.

அத்தை மெதுவாகத்தான் சொன்னாள், கன்டெய்னர் வாடகை ஏறுமே, உள்ளே கொட்டை வியர்த்து ஈரம் பிடிக்குமே என்று.

"வியர்க்கட்டும். மனுஷன் செத்தா காய வைக்க முடியுமா?" என்றார் மாமா.

அதுவும் சரிதான். ஆனால் அப்பா?


ஆகஸ்ட் 14, செவ்வாய்

காலையில் மழை, மத்தியானம் கொளுத்துகிற வெயில். யாரும் பார்க்காதபோது கன்டெய்னர்மேல் கை வைத்தேன். அடுப்பு மாதிரி சுட்டது. உள்ளே எப்படி இருக்கும்?


ஆகஸ்ட் 19, ஞாயிறு

அப்பா கூப்பிட்டபோது மாமா எங்கள் அறையில் இருந்தார். அம்மாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. மிரட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்பா கேட்டார், பிரித்தாயிற்றா, வெட்டிப் பார்த்தாயிற்றா என்று. பிரித்து அடுக்கியாயிற்று என்றாள் அம்மா. ஈரம் பார்க்கும் மெஷின் ரிப்பேர், சைகோனுக்கு அனுப்பியிருக்கிறது, வந்ததும் கணக்குச் சொல்கிறோம் என்றாள். ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொய் சொல்லும்போது அவள் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்பா நடுநடுவே இருமினார்.

மாமா போன பிறகு அம்மா சொன்னாள், பிரிக்கவில்லை என்று தெரிந்தால் இன்ஜாய் கோபித்துக்கொண்டு அப்பாவை இன்னும் இறுக்கிப் பிடிப்பாராம். மாதம் முடிந்ததும் பிரித்துக் கணக்கு முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். மாமா சொன்னாராம். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வெளிய யார்கிட்டயும் பேசாத தியெப். தாவ் சித்திகிட்டகூட."

எனக்குப் பேசவே வரவில்லை. எழுதத்தான் வருகிறது.


ஆகஸ்ட் 25, சனி

பௌர்ணமி. கிடங்கு வாசலில் பெரிய படையல். கஞ்சி, பொரி, கரும்புத் துண்டு, மிட்டாய், சில்லறைக் காசு, ஒரு முழுப் பன்றித் தலை. மாமா ஊதுபத்தியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தார். பக்கத்தில்தான் நின்றேன். செத்துப்போன அந்தக் கொதிகலன் ஆளின் பெயரைச் சொல்லிச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊதுபத்திச் சாம்பல் அவர் கையிலேயே விழுந்தது. கையை எடுக்கவில்லை.

எனக்கு மாமா மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உப்பும் அரிசியும் வீசி முடித்த உடனே வழக்கப்படி தெருவில் காத்திருந்த கூட்டம் பாய்ந்து படையலை அள்ளியது. தாவ் சித்திக்குப் பன்றிக் காது கிடைத்தது. தூக்கிக் காட்டி, "ஆவி எல்லாம் சாதுங்கதான்டி. இந்த மனுஷங்ககிட்டதான் தப்பிக்கணும்" என்றாள்.

கூட்டம் கன்டெய்னர்மேல் எல்லாம் ஏறி நின்றது. யாரும் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.


ஆகஸ்ட் 29, புதன்

வாடை வர ஆரம்பித்துவிட்டது. புளித்த மாவு மாதிரி.


செப்டம்பர் 5, புதன்

பள்ளி திறப்பு விழா. வெள்ளைச் சட்டை, கொடி, பாட்டு. ஒன்பதாம் வகுப்பு வந்தாகிவிட்டது.

பூகோள ஆசிரியை முதல் நாளே முந்திரியைப் பற்றித்தான் ஆரம்பித்தார். உலகத்துக்கே முந்திரிப் பருப்பு அனுப்புவதில் நம் நாடுதான் முதலிடம், நாட்டிலேயே நம் மாகாணம்தான் முதலிடம் என்றார். எல்லோரும் கை தட்டினோம். பின் வரிசைப் பையன் ஒருவன், அவ்வளவு கொட்டையும் நம் மரத்திலா காய்க்கிறது என்று கேட்டான். கொஞ்சம் வெளியிலிருந்தும் வருகிறது, நம்மைவிட ஏழை நாடுகளிலிருந்து, அவர்களுக்கு உடைக்க ஆலை இல்லாததால் நமக்கு விற்கிறார்கள், இது இரண்டு பேருக்கும் நல்லது என்றார் ஆசிரியை.

என் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கொட்டை எண்ணெய் பட்ட கறுப்பு நகத்தோரம் போகவில்லை. யாராவது பார்த்து ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்று பயம். வகுப்பில் பாதிப் பேர் விரலில் அதே கறுப்பு இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.


செப்டம்பர் 6, வியாழன்

அப்பாவுக்குக் காய்ச்சல். நான்கு நாளாக என்றார், அம்மா கேட்கவும் ஒரு வாரமாக என்றார். இன்ஜாயின் மகன் மோட்டார் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டானாம். மலேரியாதான், எல்லோருக்கும் வருவதுதான் என்றார்.

"மெஷின் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அம்மா, நாளை வரும் என்றாள்.

அங்கேயே செத்துப்போனால் அப்பாவை யார் கொண்டுவருவார்கள்? பாஸ்போர்ட் இல்லாமல் செத்தவரைக் கொண்டுவர விடுவார்களா? ஏன் இப்படியெல்லாம் யோசிக்கிறேன். யோசிக்காதே. தூங்கு.


செப்டம்பர் 10, திங்கள்

எட்டாம் மாதம் பிறந்தது. மாமா குளித்துப் புதுச்சட்டை போட்டு, சேவல் அறுத்துப் படையல் வைத்து, அவரே சீலை உடைத்தார்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. எல்லோரும் ஒரு அடி பின்னால் போனோம். கன்டெய்னரின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேல் அடுக்குச் சாக்கில் பச்சைப் பூஞ்சை. தாவ் சித்தி ஒரு மூட்டையைக் கிழித்துக் கை நிறைய அள்ளிக் குலுக்கினாள். காய்ந்த கொட்டை என்றால் கலகலவென்று சத்தம் வரும். சத்தமே வரவில்லை. அதை மறுபடி மூட்டையிலேயே கொட்டிவிட்டாள்.

அடியில் இருந்த மூட்டைகள் பரவாயில்லை. மேலே, ஓரங்களில், கதவுப் பக்கம், எல்லாம் போய்விட்டது. மூன்று கன்டெய்னரிலும் அப்படித்தான்.

மாமா அங்கேயே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். புதுச்சட்டையில் பூஞ்சை ஒட்டியது. அத்தை தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, வேலைக்கு வந்த எல்லோரையும் பார்த்து, யாரையும் பார்க்காதவர் மாதிரி சொன்னார்.

"சரக்கு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. தெரிஞ்சுதா? வந்த அன்னிக்கே பிரிச்சோம். அன்னிக்கே இப்படித்தான்."

யாரும் தலையாட்டவில்லை. ஆனால் யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை.


செப்டம்பர் 11, செவ்வாய்

இன்ஜாய் ஒரு ஏற்பாடு கேட்டிருக்கிறாராம். அம்மா கொட்டை வெட்டுவதை வீடியோவில் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வேறு யார் வெட்டினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாராம். அப்பா வருஷா வருஷம் அவரிடம் அம்மாவைப் பற்றித்தான் சொல்வாராம், என் பெண்டாட்டி வெட்டினால் நல்லது நல்லதுதான், சொத்தை சொத்தைதான் என்று.

மாமா அம்மாவைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

மாமா கத்தவில்லை. விலை இருக்கிற நிலையில் முழுப் பணம் கொடுத்தால் கிடங்கு போய்விடும், வீடு போய்விடும் என்றார். நம்ம அப்பா செத்த பிறகு உன்னை வளர்த்தது யார், உனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தது யார், இந்த அறை யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கணக்குக் கேட்கிற மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"நீ பொய் சொல்ல வேணாம், கடைக்குட்டி. வெட்டு, அவ்வளவுதான். சொத்தை சொத்தையாத்தான் இருக்கும். எப்போ பிரிச்சோம்னு கேட்டா, வந்த அன்னிக்குன்னு ஒரு வார்த்தை."

"அப்படின்னா தியெப் அப்பா சொத்தையைத்தான் ஏத்தி அனுப்பினாருன்னு ஆகுதே அண்ணே" என்றாள் அம்மா.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம், "மச்சானை நான் கூட்டிட்டு வரேன். அதை எங்கிட்ட விடு" என்றார்.

எப்படி? அங்கே ஏற்றும்போது மூட்டை மூட்டையாக வெட்டிப் பார்த்து நல்லது என்று சொன்னது அப்பா. இப்போது அது பொய் என்றால், மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் நாளைக்கும் எழுந்து வணக்கம் சொல்வார்களா? இன்ஜாய் சாப்பாடு கொடுப்பாரா? இனி யார் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்?

அம்மாவுக்கும் தெரியும். இரவு முழுக்க அவள் புரண்டுகொண்டே இருக்கிறாள். நான் எழுதுவதை நிறுத்தினால் அவள் மூச்சு கேட்கிறது.


செப்டம்பர் 13, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு. அங்கே காலை. கிடங்கின் நடுவில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கைபேசியைப் பிடிக்க என்னை நிற்க வைத்தார்கள். சின்னப் பெண் பிடித்தால் நல்லது என்று மாமாதான் சொன்னார். அவர் கைபேசிக்குப் பின்னால், என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார்.

திரையில் இரண்டு முகம். ஒருவர் கண்ணாடி போட்டு, வாயில் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்ஜாய். பக்கத்தில் இன்னொருவர். யாரோ என்று நினைத்தேன். அப்பா. கன்னமே இல்லை. காது மட்டும் பெரிதாக இருந்தது.

அம்மா வெட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கொட்டையாக இரண்டாகப் பிளந்து, வெள்ளையாக இருப்பது ஒரு பக்கம், புள்ளி விழுந்தது நடுவில், கறுத்தது இந்தப் பக்கம். கத்தி விழுகிற சத்தம் மட்டும்தான். கறுப்பு வரிசை நீண்டுகொண்டே வந்து துணி ஓரத்தைத் தொட்டது. அம்மா துணியை இழுத்துவிட்டு மறுபடி வெட்டினாள். அவள் ஒன்றைக்கூட மாற்றி வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்ஜாய் ஏதோ சொன்னார். அப்பா சொன்னார்:

"ஏத்தும்போது அவரு கண்ணு முன்னாடி நான் வெட்டினது இது இல்லையேன்னு கேக்கறாரு."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"எப்போ பிரிச்சீங்கன்னு கேக்கறாரு."

மாமா என் தோளுக்கு மேலிருந்து சொன்னார். "வந்த அன்னிக்கே பிரிச்சோம் மச்சான். அன்னிக்கே இப்படித்தான். கேட்டா உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

அப்பா "அப்படியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா தலையைத் தூக்கவில்லை.

"சொல்லு கடைக்குட்டி" என்றார் மாமா.

அம்மா கையில் ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு வெட்டாமல் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்ஜாய் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். திருடனைப் பார்க்கிற பார்வை.

நான் சொன்னேன். நான் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அப்பா, ஏழாம் மாசம் மொத நாளே வந்துடுச்சு. மாசம் பூரா பிரிக்கவே இல்ல. வெயில்லயும் மழையிலயும் அப்படியே நின்னுச்சு. மூணு நாளைக்கு முன்னாடிதான் பிரிச்சாங்க."

இன்ஜாய்க்கு எங்கள் பாஷை தெரியாது. அதனால் கொஞ்ச நேரம் எதுவும் ஆகவில்லை. நான் சொன்னது அப்பாவிடம் போய் நின்றது. அப்பா அதை அப்படியே விழுங்கிவிடலாம். மாமா அவருக்கு மச்சான். பதினைந்து வருஷம் சோறு போட்டவர். அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைத் தூக்கியிருந்தாள்.

"கட் பண்ணு" என்றார் மாமா, என் காதுக்குப் பக்கத்தில், மெதுவாக.

நான் கட் பண்ணவில்லை. தைரியத்தால் இல்லை. விரல் வேலை செய்யவில்லை.

அப்பா இன்ஜாய் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் பேசினார். நீளமாக. நடுவில் ஒருமுறை நின்று இருமினார். இன்ஜாய் வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டார். எதுவோ ஒன்று சொன்னார், சின்னதாக. அப்பா அதை எங்களுக்குச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதோடு லைன் போய்விட்டது.

மாமா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம்தான் கேட்டார்.

"நீதான் சொல்லிக்கொடுத்தியா?"

அம்மா கத்தியைத் துணியில் துடைத்தாள்.

"ஆமா அண்ணே. நான்தான்."

அம்மா எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.


செப்டம்பர் 14, வெள்ளி

இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னது இது மட்டும்தான்: "அண்ணன் பக்கத்துல நிக்கும்போது எனக்கு வாயே வரல."

கஞ்சியில் அவள் பங்கு முட்டையையும் எனக்கே வைத்தாள். சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டேன்.


செப்டம்பர் 15, சனி

மாமா வரவில்லை. அத்தைதான் வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்த அறையில் மூட்டை அடுக்கணுமாம் என்றாள். அம்மாவும் எப்போது என்று மட்டும் கேட்டாள்.

தாவ் சித்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முன்பு கோழி வளர்த்த இடம். அவள் புருஷனே கழுவிவிட்டுக் கட்டிலைப் போட்டார். கிளம்பும்போது அத்தை ஒரு ஜாடி மீன் சாறைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கால் வலித்தது.

நான் சொன்னதால் அப்பா வருவாரா? அது தெரியாமலே வீடு போய்விட்டது. வராவிட்டால்?


செப்டம்பர் 18, செவ்வாய்

அப்பா கூப்பிடவில்லை.


செப்டம்பர் 20, வியாழன்

கூப்பிடவில்லை. அம்மா சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலையில் தோல் உரிக்கச் சேர்ந்துவிட்டாள். அங்கே யாருக்கும் அவள் யார் என்று தெரியாது. அதுவே நிம்மதி என்கிறாள். பள்ளி விட்டதும் நானும் போகிறேன். அங்கே உரிப்பதும் ஆப்பிரிக்காக் கொட்டைதான். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.


செப்டம்பர் 22, சனி

கூப்பிட்டார்! பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கிறது.

இன்ஜாய் இத்தனை நாள் பேசாமலே இருந்தாராம். நேற்று காலை பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாராம். வீட்டுக்குப் போ, எனக்கு வேண்டியது உன் மச்சான், நீ இல்லை என்றாராம். திரும்பி வருவதற்கான டிக்கெட் ஜூன் மாதமே எடுத்து வைத்தது, தேதியை மாற்ற வேண்டியதுதான்.

மரத்தடி ஆட்கள் என்ன ஆனார்கள் என்று அம்மா கேட்டாள்.

"உக்காந்துதான் இருக்காங்க" என்றார்.

அப்பா வருகிறார். நான் குதிக்க வேண்டும். படுத்துக்கொண்டேன்.


அக்டோபர் 3, புதன்

அப்பா வந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் அம்மா அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதில் கனமே இல்லை. வழியில் மாமாவின் கிடங்கைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்பா நடையைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. வாசலில் இரண்டு வெளியூர்க் கார்கள் நின்றன. சைகோனிலிருந்து இன்ஜாய்க்காக வக்கீல்கள் வந்திருக்கிறார்கள் என்று தாவ் சித்தி அப்புறம் சொன்னாள்.

கொட்டகைக்குள் வந்ததும் அப்பா சுற்றிப் பார்த்தார். "காத்து நல்லா வருதே" என்றார். அப்படியே படுத்து இந்நேரம் வரை தூங்குகிறார். நடுவில் இரண்டு முறை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.


அக்டோபர் 9, செவ்வாய்

மாமாவின் கிடங்கில் பூட்டுத் தொங்குகிறது. வேலைக்குப் போன பெண்கள் வாசலோடு திரும்பி வந்தார்கள். தாவ் சித்தியும்தான். அவள் இன்று ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை.


அக்டோபர் 16, செவ்வாய்

இன்று அம்மாவின் அப்பாவுக்குத் திதி. எல்லா வருஷமும் மாமா வீட்டில்தான் நடக்கும். முந்தின நாளே அம்மா போய்விடுவாள், வாத்து சுத்தம் செய்ய, வாழைப்பூ நறுக்க. இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. அம்மா காலையிலேயே குளித்து, நல்ல சட்டை போட்டு, தலை சீவி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்தாள். மத்தியானம் வரை.

அப்புறம் எழுந்து அடுப்பு மூட்டினாள். வாத்து இல்லை. மீனைக் கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்தாள், பூசணி சூப் வைத்தாள். தாத்தாவின் படம் மாமா வீட்டில் இருக்கிறது. அதனால் ஒரு கிண்ணம் சோறும் ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சியும் மட்டும் வைத்தோம். அப்பா ஊதுபத்தி ஏற்றி அம்மா கையில் கொடுத்தார். செத்தவரைச் சாப்பிடக் கூப்பிடும் வார்த்தைகளை எப்போதும் மாமாதான் சொல்வார். அம்மாவுக்கு அவை தெரியாது. கொஞ்ச நேரம் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"அப்பா, மொதல்ல அண்ணன் வீட்டுல சாப்பிடுங்க. அங்க பூட்டியிருந்தா இங்க வாங்க. தாவ் வீட்டுக்குப் பின்பக்கம். வாசல் தணிவு, குனிஞ்சு வாங்க."

ஊதுபத்தி எரிந்து முடியும் வரை மூன்று பேரும் காத்திருந்தோம். பிறகு சாப்பிட்டோம். அம்மா தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் சோறு போட்டு, யாருக்கு என்று சொல்லாமல், மூடி வைத்தாள்.